ஃபியாமே நவோமி மாத்தாஃபா: சமோவாவின் முதல் பெண் அமைச்சர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபியாமே நவோமி மாத்தாஃபா யார்?

தென் பசிபிக்கில் உள்ள சமோவா தீவு நாட்டின் முதல் பெண் அமைச்சர் அவர். 1991-இல் கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்று, 2016-இல் நாட்டின் முதல் பெண் துணைப் பிரதமராகவும், 2021-இல் முதல் பெண் பிரதமராகவும் உயர்ந்தார். 1957 ஏப்ரல் 29 அன்று பிறந்த அவர், உப்போலு தீவின் தென்கரையில் உள்ள லோட்டோஃபாங்கா தொகுதியிலிருந்து 1985-இல் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குத் தேர்வானபோது அவருக்கு 28 வயது நிரம்பியிருக்கவில்லை.

உப்போலு, சவாயி என்னும் இரண்டு பெரிய தீவுகளையும் சில சிறு தீவுகளையும் கொண்ட சமோவாவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். நாடாளுமன்றத்தில் 51 தொகுதிகள் உள்ளன. நாடு சிறியதுதான். ஆனால் 2021-இல் அங்கு எழுந்த கேள்விகள், அதாவது தேர்தலில் தோற்றவர் பதவியை விட்டு இறங்க மறுத்தால் என்ன செய்வது, நாடாளுமன்றத்தின் கதவைப் பூட்டும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பவை, எந்தக் குடியரசும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்விகள்.

‘ஃபியாமே’ என்பது அவருடைய பெயரா?

இல்லை. அது ஒரு பட்டம். அவருடைய பெயர் நவோமி. சமோவாவில் ஒவ்வொரு விரிந்த குடும்பமும் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு ஒரு பட்டத்தை அளிக்கிறது. அப்படிப் பட்டம் பெற்றவரை ‘மத்தாய்’ என்கிறார்கள். குடும்பத்தின் நிலத்தைக் காப்பதும், கிராம சபையில் குடும்பத்துக்காகப் பேசுவதும் மத்தாயின் கடமை. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு குடும்பங்களுக்கு மரபுரிமையாக உள்ள நிலம் என்பதால், பட்டம் யாருக்கு என்ற கேள்வி வெறும் மரியாதையோடு நின்றுவிடுவதில்லை; நிலம் யார் பொறுப்பில் என்பதும் அதனோடு சேர்ந்தே தீர்மானமாகிறது. இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே நில, பட்ட நீதிமன்றம் என்ற தனி நீதிமன்றம் அங்கே இயங்குகிறது.

1975-இல் தந்தை இறந்தபோது நவோமி நியூசிலாந்தில் படித்துக்கொண்டிருந்த இளம்பெண். வெலிங்டனில் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடராமல் நாடு திரும்பி, குடும்பப் பட்டத்துக்காக அந்த நீதிமன்றத்தில் வழக்காடி, 1978-இல் ‘ஃபியாமே’ பட்டத்தைப் பெற்றார். இருபது வயதை ஒட்டிய, திருமணமாகாத ஒரு பெண் அத்தகைய மூத்த பட்டத்தைப் பெறுவது அன்று மிக அரிது. அவருடைய அரசியல் வாழ்க்கை 1985 தேர்தலில் தொடங்கியதாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். என் கணிப்பில் அது 1978-இல், அந்த நீதிமன்றத்தில் தொடங்கியது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றத்தைப் பற்றிய ஒரு சட்டத்துக்காகத்தான் அவர் ஆட்சியை விட்டு வெளியேறினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை எளிதில் விளங்கும்.

அவர் வாரிசு அரசியலின் வழியாக வந்தவர்தானே?

குடும்பப் பின்னணி பெரியது என்பதில் ஐயமில்லை. தந்தை ஃபியாமே மாத்தாஃபா ஃபவுமுயினா முலினுவு சமோவாவின் முதல் பிரதமர். 1962 ஜனவரி 1 அன்று நியூசிலாந்தின் நிர்வாகத்திலிருந்து நாடு விடுதலை பெற்றபோது அரசை வழிநடத்தியவர் அவர். 1970 வரையிலும், மீண்டும் 1973 முதல் இறக்கும் வரையிலும் அப்பதவியில் இருந்தார். தாய் லாவுலு ஃபெதாவுயிமலேமாவு, நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் சில பெண்களுள் ஒருவர்; பின்னாளில் நியூசிலாந்தில் சமோவாவின் தூதராகப் பணியாற்றியவர்.

எனினும் தந்தையின் இறப்புக்கும் மகளின் பிரதமர் பதவிக்கும் இடையே 46 ஆண்டுகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் பிறருடைய அமைச்சரவையில் பணியாற்றினார். குடும்பப் பெயர் வாசலைத் திறந்தது. உள்ளே நடந்த தூரம் அவருடையது.

அவர் அரசியலுக்கு வந்த காலத்தில் சமோவாவில் பெண்களின் நிலை என்ன?

அன்று வாக்குரிமையே மத்தாய்களுக்கு மட்டும்தான் இருந்தது. பெண்களும் மத்தாய் ஆகலாம் என்று சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் மிகச் சிறுபான்மை என்பதால், நடைமுறையில் பெரும்பாலான பெண்களுக்கு வாக்குச் சாவடியில் இடமில்லை. 1990-இல் நடந்த பொது வாக்கெடுப்பு ஒரு சிறிய பெரும்பான்மையால் இதை மாற்றி, 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. அந்த முறையில் 1991-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் அமைந்த அரசில்தான் ஃபியாமே அமைச்சரானார். தேர்தலில் போட்டியிடும் உரிமை இன்றுவரை மத்தாய்களுக்கு மட்டுமே உண்டு. சில கிராமங்கள் பெண்களுக்குப் பட்டம் அளிப்பதையே ஏற்பதில்லை. இத்தனை வாசல்களைத் தாண்டி நாடாளுமன்றத்துக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவதில் வியப்பில்லை.

கல்வி அமைச்சராக அவர் என்ன செய்தார்?

1991 முதல் 2006 வரை, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்வித் துறையை அவர் நிர்வகித்தார். அவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 2021-ஐச் சுற்றியே எழுதப்படுவதால் இந்தக் காலம் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. அவருடைய பொதுவாழ்வில் நீண்ட பகுதி இதுதான்.

தொடக்கமே கடினமானது. 1990 பிப்ரவரியில் ஓஃபா புயலும், 1991 டிசம்பரில் வால் புயலும் தீவுகளை அடித்துப்போட்டன. பள்ளிக் கட்டடங்கள் பெருமளவில் சேதமடைந்தன. சமோவாவில் தொடக்கப் பள்ளிக் கட்டடம் கிராமத்தின் பொறுப்பு. ஆசிரியரை அனுப்பிச் சம்பளம் கொடுப்பது அரசின் பொறுப்பு. எனவே கல்வி அமைச்சர் தலைநகர் ஆப்பியாவில் உட்கார்ந்து உத்தரவிட்டு ஒரு பள்ளியைக் கட்டிவிட முடியாது. கிராம சபைகளோடும், திருச்சபைகளோடும், கடனுதவி தரும் நாடுகளோடும் ஒரே நேரத்தில் பேசி இணங்கவைக்க வேண்டும். மத்தாயாக அவருக்குக் கிராம சபைகளின் மொழி தெரிந்திருந்தது. புதுப்பிப்புப் பணியோடு, 1995 முதல் 2005 வரைக்கான பத்தாண்டுக் கல்விக் கொள்கையும் வகுக்கப்பட்டது. தேசியப் பல்கலைக்கழகம் வளர்ந்து, பிறகு தொழில்நுட்பக் கல்லூரியையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

ஒரே துறையில் பதினைந்து ஆண்டுகள் இருந்த அமைச்சர், தான் தீட்டிய கொள்கையின் விளைவைத் தானே பார்க்க வேண்டியிருக்கும்; குறை இருந்தால் முந்தைய அமைச்சரின் மேல் பழிபோட முடியாது. ஆண்டுக்கொரு துறை மாறும் அமைச்சர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

2006-க்குப் பிறகு எந்தெந்தத் துறைகளில் பணியாற்றினார்?

2006 முதல் 2011 வரை மகளிர், சமூக மேம்பாட்டுத் துறை; 2011 முதல் 2016 வரை நீதித் துறை. அந்த ஐந்தாண்டுகளில் 2013-இன் குடும்பப் பாதுகாப்புச் சட்டமும் 2014-இன் குடும்ப நீதிமன்றச் சட்டமும் நிறைவேறின. இல்லங்களில் நடக்கும் வன்முறை குடும்பத்துக்குள்ளேயே பேசி மூடப்பட வேண்டியது என்ற எண்ணம் வலுவாக இருந்த சமூகத்தில் இவை சிறிய மாற்றங்கள் அல்ல. 2016-இல் துணைப் பிரதமராகி, இயற்கை வளம், சுற்றுச்சூழல் துறையையும் கவனித்தார்.

அத்தனை ஆண்டுகள் ஒரே கட்சியின் ஆட்சியில் இருந்தவருக்கு, அந்த ஆட்சியின் தவறுகளில் பங்கு இல்லையா?

உண்டு. மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சி 1980-களிலிருந்து ஏறத்தாழ இடையறாமல் ஆண்டது. துய்லாயெபா சாயிலேலே மலியேலேங்காவோய் 1998 முதல் 22 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரதமராக இருந்தார். எதிர்க்கட்சி என்று சொல்லத்தக்க ஓர் அணியே நாடாளுமன்றத்தில் இல்லாத நிலை உருவானது. அவதூறைக் குற்றவியல் குற்றமாக்கும் சட்டம் 2017-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டதும், 2019-இல் தட்டம்மைப் பரவலில் 83 பேர், பெரும்பாலும் சிறு குழந்தைகள், இறந்ததும் ஃபியாமே துணைப் பிரதமராக இருந்த அரசின் காலத்தில்தான். அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பேற்பது என்றால், அதன் கனத்தில் ஒரு பகுதி அவருடைய தோளிலும் இருக்கிறது. அவரைப் போற்றி எழுதுபவர்கள் இதைத் தாண்டிச் செல்வது சரியன்று.

பிறகு ஏன் 2020-இல் துணைப் பிரதமர் பதவியைத் துறந்தார்?

அந்த ஆண்டு அரசு மூன்று மசோதாக்களைக் கொண்டுவந்தது. நில, பட்ட நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து பிரித்து, தனக்கென ஒரு மேல்முறையீட்டு அமைப்புடன் இணையான ஒரு நீதித் துறையாக ஆக்குவது அவற்றின் சாரம். மரபுக்குச் சட்டத்தில் உரிய இடம் தரவே இது என்றது அரசு. வழக்கறிஞர் சங்கமும் நீதிபதிகள் பலரும் கடுமையாக எதிர்த்தார்கள்: நிலம் அல்லது பட்டம் தொடர்பான தீர்ப்பில் ஒருவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டால், உச்ச நீதிமன்றத்திடம் முறையிட அவருக்கு வழியில்லாமல் போகும் என்பது அவர்களின் வாதம்.

ஃபியாமே 2020 செப்டம்பரில் பதவி விலகினார். சட்டத்தின் ஆட்சியிலிருந்து நாடு விலகிச் செல்கிறது என்பதே அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். தன் பட்டத்தையே அந்த நீதிமன்றத்தின் வழியாகப் பெற்ற ஒருவர் எதிர்த்ததால், மரபை அறியாதவர் என்று அவரை ஒதுக்கித் தள்ள யாராலும் முடியவில்லை. மசோதாக்கள் டிசம்பரில் நிறைவேறிவிட்டன. அதற்கு முன்பே, கட்சியிலிருந்து வெளியேறியிருந்த லாவுலி லெவுவாத்தேயா ஷ்மிட் என்பவர் ஃபாஸ்ட் என்ற புதுக் கட்சியைத் தொடங்கியிருந்தார். ஃபியாமே 2021 தொடக்கத்தில் அதில் சேர்ந்து மார்ச் மாதத்தில் அதன் தலைவரானார். தேர்தலுக்கு அப்போது ஒரு மாதமே இருந்தது.

2021 ஏப்ரல் தேர்தலின் முடிவு என்ன?

ஏப்ரல் 9 அன்று நடந்த தேர்தலில் இரு கட்சிகளும் தலா 25 இடங்களைப் பெற்றன; மீதமிருந்த ஓரிடத்தில் துவாலா இயோசெஃபோ போனிஃபாசியோ என்ற சுயேச்சை வென்றார். வாக்குகளின் கூட்டுத்தொகையில் ஆளும் கட்சிக்கு ஏறத்தாழ 55 விழுக்காடும் ஃபாஸ்டுக்கு 37 விழுக்காடும் கிடைத்தன. ஆளும் கட்சி ஒரே தொகுதியில் தன் வேட்பாளர்கள் பலரை நிறுத்தி வெல்பவரை ஏற்கும் பழக்கத்தை வைத்திருந்தது; எதிரே வலுவான கட்சி இல்லாத காலத்தில் அது பாதிப்பில்லாமல் இருந்தது. இப்போது சொந்த வாக்குகளே சிதறின. துய்லாயெபா தரப்பு மக்கள் தங்கள் பக்கமே என்று நம்பியதற்கும் இந்த எண்களே காரணம்.

பெண்களுக்கான ஒதுக்கீடு அவர் பிரதமராவதைத் தடுத்தது என்கிறார்களே, அது எப்படி?

நாடாளுமன்றத்தில் குறைந்தது பத்து விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. பொதுத்தேர்தலில் போதிய பெண்கள் வெல்லாவிட்டால், தோற்ற பெண் வேட்பாளர்களில் அதிக வாக்குப் பெற்றவரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். 2021-இல் ஐந்து பெண்கள் வென்றிருந்தார்கள். 51-இல் பத்து விழுக்காடு 5.1. அப்படியானால் தேவை ஐந்தா, ஆறா?

ஆறு என்று முடிவுசெய்த தேர்தல் ஆணையர், ஏப்ரல் 20 அன்று ஆளும் கட்சியைச் சேர்ந்த ஒரு பெண் வேட்பாளரைக் கூடுதல் உறுப்பினராக அறிவித்தார். மறுநாளே சுயேச்சை உறுப்பினர் ஃபாஸ்டில் சேர, இரு தரப்பும் 26-க்கு 26 என்று சமமாயின. பெண்களை அவைக்குள் கொண்டுவரப் பிறந்த ஒரு விதி, முதல் பெண் பிரதமரின் வழியில் சுவராக வந்து நின்றது. அந்த விதியையே பழித்தவர்களும் உண்டு, அது நியாயமாகாது. ஜூன் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியபடி தேவை ஆறு பெண்கள்தான். ஆனால் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்த பின்பே கூடுதல் உறுப்பினரைச் சேர்க்க வேண்டும். பிழை விதியில் இல்லை, அதைப் பயன்படுத்திய நேரத்தில் இருந்தது.

நாடாளுமன்றத்தின் கதவு உண்மையிலேயே பூட்டப்பட்டதா?

ஆம். நிகழ்வுகளின் வரிசையைச் சொன்னால்தான் அதன் தீவிரம் புரியும். சமநிலையைக் காரணம் காட்டி, நம் குடியரசுத் தலைவரைப் போன்ற பதவியில் உள்ள நாட்டின் தலைவர், மே 21 அன்று மறுதேர்தல் என்று அறிவித்தார். மே 17 அன்று உச்ச நீதிமன்றம் கூடுதல் இடத்தையும் மறுதேர்தலையும் செல்லாதவை என்றது. தேர்தல் முடிந்து 45 நாட்களுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. அந்தக் கெடு மே 24. அன்று அவை கூடும் என்று அறிவித்த நாட்டின் தலைவர், மே 22 சனிக்கிழமை இரவு, காரணம் பின்னர் தெரிவிக்கப்படும் என்று கூறி அதை நிறுத்திவைத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லா வேலையும் ஓய்ந்து கிடக்கும் அந்தக் கிறித்தவ நாட்டில், நீதிபதிகள் ஞாயிறன்றே கூடி அந்த உத்தரவையும் ரத்துசெய்தார்கள்.

திங்கள் காலை ஃபியாமேயும் அவருடைய உறுப்பினர்களும் முலினுவு தீபகற்பத்தில் உள்ள நாடாளுமன்றத்துக்குச் சென்றபோது கதவுகள் பூட்டியிருந்தன. தலைமை நீதிபதி தன் நீதிமன்ற உடையில் நடந்து வந்து, பூட்டியிருப்பதைத் தாமே பார்த்துவிட்டுத் திரும்பினார். ஃபாஸ்ட் உறுப்பினர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். மாலையில், புல்வெளியில் போடப்பட்ட ஒரு கூடாரத்தின் கீழ் அவர்கள் உறுதிமொழி ஏற்றார்கள். ஃபியாமே பிரதமராகப் பதவியேற்றார். யாரும் கதவை உடைக்கவில்லை. கூடியிருந்த மக்கள் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதவியேற்பு செல்லுமா என்ற வழக்கு இரண்டு மாதங்கள் நீடித்தது. ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறு வழியில்லாத நிலையில் நடந்த அந்த நிகழ்வு செல்லும் என்றும், மே 24 முதல் சட்டப்படியான அரசு ஃபியாமேயின் அரசுதான் என்றும் தீர்ப்பளித்தது. சில நாட்களில் துய்லாயெபா அதை ஏற்று விலகினார். அந்த இரண்டு மாதங்களில் அவருடைய அமைச்சர்கள் அலுவலகங்களைக் காலி செய்ய மறுத்தபோதும், ஃபியாமே தன் ஆதரவாளர்களை அங்கே அனுப்பவில்லை, தீர்ப்புக்காகக் காத்திருந்தார். அவருடைய நீண்ட வாழ்க்கையில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றும் செயல் இந்தக் காத்திருப்புதான்.

பிரதமராக அவருடைய முக்கிய முடிவுகள் யாவை?

வையுசு விரிகுடாவில் சீனக் கடனுதவியுடன் ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவில் துறைமுகம் கட்டும் திட்டத்தை அவர் கைவிட்டார். நாட்டின் வெளிக்கடனில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஏற்கெனவே சீனாவிடம் இருந்தது. இவ்வளவு சிறிய நாட்டுக்கு அத்துறைமுகம் தேவைக்கு மிஞ்சியது என்பது அவர் கருத்து. இதை வைத்து அவரைச் சீன எதிர்ப்பாளர் என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். சீனாவுடனான உறவு தொடர்ந்தது. 2022 மே மாதத்தில் சீன வெளியுறவு அமைச்சர் ஆப்பியாவுக்கு வந்து ஒப்பந்தங்களும் கையெழுத்தாயின. ஆனால் அதே பயணத்தில் முன்வைக்கப்பட்ட, பசிபிக் பகுதி முழுமைக்குமான உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டுமானால், முதலில் அப்பகுதியின் நாடுகள் ஒன்றுகூடிப் பேச வேண்டும் என்றார் அவர். இங்கும் அவர் கேட்டது முறையைத்தான்.

உள்நாட்டில், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் தாலா (சமோவாவின் நாணயம்) வழங்கி, அதை எப்படிச் செலவிடுவது என்பதை அந்த மக்களே தீர்மானிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கொரோனாவால் மூடப்பட்ட எல்லைகள் 2022 ஆகஸ்டில் முழுமையாகத் திறந்தன. 2024 அக்டோபரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் மாநாடு ஆப்பியாவில் நடந்தது. பசிபிக்கின் சிறு தீவு நாடொன்றில் அது நடந்தது அதுவே முதன்முறை. கடல்மட்டம் உயர்ந்தாலும் தீவு நாடுகளின் கடல் எல்லைகள் சுருங்கக் கூடாது என்ற நிலைப்பாடு அங்கே வெளியான கடல் குறித்த பிரகடனத்தில் இடம்பெற்றது.

அவருடைய ஆட்சி எப்படி முடிந்தது?

கட்சியைத் தொடங்கியவருக்கும் அரசை நடத்தியவருக்கும் இடையிலான பிளவால் முடிந்தது. வேளாண் அமைச்சராக இருந்த லாவுலி மீது காவல்துறை குற்றச்சாட்டுகளைப் பதிவுசெய்தது. அவர் பதவி விலகாத நிலையில், 2025 ஜனவரி 10 அன்று ஃபியாமே அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். வேறு சில அமைச்சர்களும் நீக்கப்பட்டார்கள். சில நாட்களில் கட்சி ஃபியாமேயையே வெளியேற்றியது. பிரதமர் பதவி அவரிடம், கட்சி லாவுலியிடம் என்றானது.

பிப்ரவரி 25 அன்று வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 34-க்கு 15 என்றும், மார்ச் 6 அன்று வந்தது 32-க்கு 19 என்றும் தோற்றன. லாவுலியின் ஃபாஸ்ட், துய்லாயெபாவின் பழைய ஆளும் கட்சி என்ற எதிரணிகள் இரண்டும் ஒன்றையொன்று நம்பாததால் கிடைத்த மூச்சு அது. மே 27 அன்று வரவுசெலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவ்விரு அணிகளும் சேர்ந்துகொண்டன. 34 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களிக்க, திட்டம் தோற்றது. அன்றே அவர் நாடாளுமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தனக்கு எதிரே நின்றவர்கள் செய்ய மறுத்ததை, அவையின் வாக்கை அன்றே ஏற்பதை, அவர் செய்தார்.

அவர் செய்த தவறு எது என்று கேட்டால், கட்சியைக் கட்டாமல் விட்டதுதான் என்பேன். ஒரு மாத இடைவெளியில் கிடைத்த தலைமை அது. கிராமம் கிராமமாக உறுப்பினர்களைத் திரட்டியவர் லாவுலி. கல்வித் துறைக்குப் பதினைந்து ஆண்டுகள் கொடுத்தவர், கட்சி வேலைக்கு அந்தப் பொறுமையைச் செலவிட்டதாகத் தெரியவில்லை.

2025 தேர்தலில் என்ன நடந்தது? இப்போது அவர் எங்கே?

அவர் தொடங்கிய சமோவா ஐக்கியக் கட்சி, ஆகஸ்ட் 29 அன்று நடந்த தேர்தலில் மூன்று இடங்களை மட்டுமே பெற்றது. ஃபாஸ்ட் 30 இடங்களையும், பழைய ஆளும் கட்சி 14 இடங்களையும், சுயேச்சைகள் நான்கு இடங்களையும் பெற்றார்கள். செப்டம்பர் 16 அன்று லாவுலி பிரதமரானார். பூட்டிய கதவோ கூடாரமோ தேவைப்படாமல் ஆட்சி கைமாறியது. லோட்டோஃபாங்கா மக்கள் 1985-இல் அனுப்பிய உறுப்பினரையே இம்முறையும் அனுப்பினார்கள். ஃபியாமே அவர்களுடைய இருக்கையில் தொடர்கிறார்.